ஒரு வீட்டுக்கு ஒரு புத்தகம்

நான் ஓய்வுபெற்ற பிறகு எங்கள் துணை சுகாதார நிலையத்துக்கு வந்திருக்கும் செவிலியர் நந்தினி, போன வாரம் தொலைபேசியில் அழைத்தாள். "அக்கா, எல்லாத்தையும் போன்லயே ஏத்திடுறோம். அப்புறம் எதுக்கு இந்தப் புக்கு? கர்ப்பிணிங்க அத எடுத்துக்கினு வர்றதும் மறந்துட்டு வர்றதும், நாம அதுல திரும்ப எழுதறதும். நீங்கதான் ஜாஸ்தி வருஷம் எழுதினவங்க, சொல்லுங்களேன்" என்றாள். நான் தொண்டையைச் செருமி ஆரம்பித்ததும் அவள் போனில் சார்ஜ் தீர்ந்து இணைப்பு அறுந்துவிட்டது. பேசவிருந்ததை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தாய் சேய் நலப் புத்தகம் என்பது எங்கள் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கும் தெரிந்ததுதான். கர்ப்பத்தைப் பதிவு செய்யும் நாளில் கொடுப்போம். மாதாமாதம் அவள் அதைக் கொண்டுவர வேண்டும். எடை, ரத்த அழுத்தம், ரத்தச் சோதனை, வயிற்றின் உயரம் எல்லாவற்றையும் நாங்கள் எழுதித் திருப்பிக் கொடுப்போம். நான் வேலைக்கு வந்த காலத்தில் அது ஒரு மடக்கு அட்டை. பயிற்சிப் பள்ளியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: வெள்ளைப் புடவை, அளவு நாடா, அடி வாங்காத குறையாக மனப்பாடம் செய்த பாடங்கள். பிறகு தியாகதுருகம் பக்கம் கொஞ்ச காலம், சங்கராபுரத்தில் சில ஆண்டுகள், வடக்கனந்தலைச் சுற்றி நெடுங்காலம். இதற்குள் அட்டை தடித்துப் புத்தகமாகிவிட்டது.

அதை வீட்டில் எங்கே வைக்கிறார்கள் என்று பார்ப்பது என் வழக்கம். பெரும்பாலும் ஜவுளிக்கடைப் பையில், சுவர் ஆணியில் தொங்கும். நிலமுள்ள வீடுகளில் பத்திரத்தோடு பீரோவுக்குள் இருக்கும். சாவி மாமனாரின் இடுப்பில் இருக்கும். மாமனார் கழனியில், மோட்டார் கொட்டகையில் இருப்பார். வலி எடுத்தவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு, சாவிக்கு ஒருவர் வண்டியில் ஓடுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

சங்கராபுரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்த ஒரு பாய், இன்னும் ஒரு படி மேலே போனார். பல ஆண்டு காத்திருந்த பிறகு அவர் மனைவி ரஹீமா கர்ப்பமாகியிருந்தார். இரண்டாம் மாதச் சோதனைக்கு இருவரும் வந்தார்கள். பாய் புத்தகத்தை இரண்டு கையாலும் எடுத்து நீட்டினார்.

"பாருங்க நர்சம்மா. மழையில வுழுந்தாலும் ஒண்ணும் ஆவாது. பக்கத்துக்குப் பக்கம் லேமினேஷன்."

நான் பேனாவை வைத்தேன். வழுக்கிக்கொண்டு போனது.

"பாய், இனிமே இதுல எங்க எழுதறது?"

"அதான் எழுதிட்டீங்களே?"

"ஒரு மாசம்தான் எழுதியிருக்கேன். மீதி மாசம்லாம் இன்னா பண்றது?"

பாய் முகம் போன போக்கைப் பார்த்து ரஹீமா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். "நான் அப்பவே சொன்னேங்க. ஆதாரு, ரேஷன் கார்டுன்னு பழகின கை. கண்ணுல பட்டதையெல்லாம் மெஷின்ல வுட்டு எடுக்குது. அசந்து தூங்கினா என்னியும் வுட்டு எடுத்துடும்."

வேறு புத்தகம் போட்டு முதல் மாத விவரங்களை நகல் எடுத்துக் கொடுத்தேன். சிரித்துவிட்டுப் போகிற விஷயம்தான். ஆனால் அன்றைக்கு ஒன்று புரிந்தது. நாங்கள் அதை மாதாமாதம் வளரும் ஒன்றாக நினைக்கிறோம். வாங்குகிறவர்கள் பலருக்கு அது அரசாங்கம் தந்த ஓர் அத்தாட்சி. ஒருமுறை வாங்கிவிட்டால் பத்திரமாக இருந்தால் போதும். கல்வராயன் மலையில் நடந்ததும் இந்த எண்ணத்தால்தான்.

அதற்கு முன்னால் டாக்டர் மங்கையர்க்கரசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கடைசி ஆண்டுகளில் எங்கள் மருத்துவ அலுவலர் அவர்தான். கடலூர்ப் பக்கத்துக்காரர், குள்ளமான உருவம், கைப்பையில் எப்போதும் வறுத்த வேர்க்கடலை. கர்ப்பிணியிடமிருந்து புத்தகத்தைப் பிடுங்கிப் பிரிக்கமாட்டார். "நீயே தொறந்து குடும்மா" என்பார். முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் கடைசியாக எழுதிய மாதத்தில் தொடங்கிப் பின்னோக்கிப் போவார். ஆள்காட்டி விரல் ஒரே கட்டத்தில் மாதம் மாதமாக நகரும். எடை என்றால் எடை மட்டும், முடித்துவிட்டு அழுத்தம் மட்டும். நாங்கள் யாராவது 'நார்மல்' என்று எழுதியிருந்தால் விரல் அங்கே நின்றுவிடும். "நார்மலுங்கறது உங்க அபிப்பிராயம் சிஸ்டர். எனக்கு அளவு குடுங்க, அபிப்பிராயத்த நான் வெச்சுக்கறேன்" என்பார். கோபம் கூடக்கூட அவர் குரல் இறங்கும். கிட்டத்தட்ட கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டால் நாங்கள் எழுந்து நின்றுவிடுவோம்.

அவருக்கு என்னைப் பிடித்துப்போனது ஒரு விஷயத்தில். கடைசி மாதவிலக்குத் தேதி தெரிந்தால்தான் பிரசவத் தேதி குறிக்க முடியும். நாள்காட்டி பார்க்காத பெண்ணிடம் தேதி கேட்டால், நம் முகத்தைப் பார்த்து எதையாவது சொல்லிவைப்பாள். நான் தேதி கேட்கமாட்டேன். கரும்பு வெட்டுக்கு முன்னாலயா, கோயில் தேருக்குப் பின்னாலயா, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டதா என்று கேட்டுக்கேட்டு நெருங்குவேன். எனக்குக் கல்வெட்டு, ஊர் வரலாறு படிக்கிற பித்து உண்டு. பழைய கல்வெட்டில் இன்ன அரசனுக்கு இத்தனையாவது ஆண்டு என்று இருக்குமே தவிர, நம் கணக்குப்படி ஆண்டு இருக்காது. ஆய்வாளர்கள் பக்கத்து நிகழ்ச்சிகளை வைத்துத்தான் அதைக் கண்டுபிடிக்கிறார்கள். நான் செய்ததும் அதைத்தான். திருவிழா நாட்களும் மழை பிடித்த நாட்களும் என் நாட்குறிப்பில் இருந்தன. பாதி மனதிலேயே இருந்தன.

பெருந்தொற்று அடங்கிப் பள்ளிகள் திறந்த பிறகு வந்த ஐப்பசி. மலை மேலே ஒரு துணை நிலையத்தின் செவிலியர் பிரசவ விடுப்பில் போக, எனக்கு அங்கே கூடுதல் பொறுப்பு கொடுத்தார்கள். கச்சிராயபாளையம் தாண்டி பஸ் மலை ஏறும்போது மழை தொடங்கியிருந்தது. எனக்கு அங்கே முதல் சோதனை நாள். டாக்டரும் ஜீப்பில் வந்துவிட்டார்.

"செல்வி" என்று கூப்பிட்டேன். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். வரிசையில் இருந்த ஓர் அம்மா பக்கத்துப் பெண்ணை முழங்கையால் இடித்தாள். "தே, உன்னதாண்டி கூப்புடுறாங்க. தூங்கினியா?"

அந்தப் பெண் திடுக்கிட்டு எழுந்து வந்தாள். மெலிந்த உடம்பு, நல்ல கலகலப்பான முகம். எடை பார்த்தேன், அழுத்தம் பார்த்தேன், வயிற்றை அளந்தேன். எல்லாம் நன்றாகவே இருந்தன. புத்தகத்தில் எழுதி டாக்டரிடம் அனுப்பினேன். டாக்டரின் விரல் பின்னோக்கி நகர ஆரம்பித்து, நின்று, மறுபடி முன்னால் வந்து, மறுபடி பின்னால் போனது.

"சிஸ்டர், இங்க வாங்க. ஆவணியில இந்தப் பொண்ணு இருந்த எடை புரட்டாசில கொறைஞ்சிருக்கு."

"தராசு சரியில்லீங்களோ என்னவோ டாக்டர். தரை மேடும் பள்ளமுமா இருக்குது."

"தராசு எடையத்தான் மாத்தும். வயித்த டேப்ல அளந்திருக்காங்க. அதுவும் ஆவணியவிட புரட்டாசில கம்மி." வேர்க்கடலையை மென்றுகொண்டே அந்தப் பெண்ணைப் பார்த்தார். குரல் சாதாரணமாக இருந்தது. "உங்க வூட்டுல யாராரும்மா இருக்கீங்க?"

"அத்த, மாமா, எங்க வூட்டுக்காரு, அவுரு அண்ணன், எங்க ஓரகத்தி அக்காங்க."

"அக்காவும் மாசமா இருக்குதா?"

பெண் தரையைப் பார்த்தாள். பிறகு, சுமை இறக்கியவள் மாதிரி மூச்சு விட்டாள். "ஆமாங்க."

"ஒன் பேரு இன்னா?"

"ரேவதிங்க. அக்காதாங்க செல்வி. புக்கு அக்கா பேர்ல இருக்குது. எனக்கு ஆதாரு அம்மா வூட்டுல மாட்டிக்கிச்சு. அதுவுமில்லாம ஒரு வூட்டுக்கு ஒரு புக்குதான் குடுப்பாங்கன்னு அத்த சொல்லிச்சு. ரேசன் கார்டு கணக்கா. அதான் ஒரு மாசம் அக்கா வரும், ஒரு மாசம் நான் வருவேன். ஒருத்தி வந்தா ஒருத்தி ஆடு பாத்துக்குவோம்."

வரிசையில் இருந்தவர்களில் யாரும் இதில் வியப்படையவில்லை. ஒரு அம்மா தலையைக்கூட ஆட்டினாள், சரியான ஏற்பாடு என்பது போல.

"இந்த மாசம் ஒன் மொறையா?" என்று டாக்டர் கேட்டார்.

"இல்லீங்க, அக்கா மொற. அதுக்கு நேத்துலருந்து தலவலி. படுத்துக்கினே கெடக்குது. கண்ணுல ஏதோ மின்னுது, மங்கலா தெரியுதுங்குது. அதான் நீ போய்ட்டு வாடின்னு அனுப்புச்சு."

டாக்டர் எழுந்துவிட்டார். வேர்க்கடலைப் பொட்டலம் மேசையிலேயே கிடந்தது. அவர் என்னிடம் சொன்னது எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. அவ்வளவு இறங்கியிருந்தது குரல். எனக்கு முழுதும் கேட்கத் தேவையில்லை. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் கடுந்தலைவலியும் கண் மங்கலும் சேர்ந்து வந்தால் ரத்த அழுத்தம் எல்லை மீறிவிட்டது என்று பொருள். அடுத்தது வலிப்பு. வலிப்பு வந்தால் தாயும் பிள்ளையும் பிழைப்பது உறுதியில்லை. ஆவணிக்குப் பிறகு செல்வியை யாரும் அளக்கவே இல்லை. புரட்டாசியில் எழுதியிருந்த நல்ல அளவு ரேவதியுடையது.

ஜீப் ஓடை வரைதான் போனது. தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஓடியது. ரேவதி முன்னால் நடக்க, நாங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிக் கடந்தோம். வீட்டு வாசலில் மாமியார் பச்சையம்மா மரவள்ளிக் கிழங்குக்குத் தோல் சீவிக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் கத்தியும் கையுமாக எழுந்து வாசலை அடைத்து நின்றார்.

"செல்வி இல்லீங்க. அவ அம்மா வூட்டுக்குப் போயிருக்குது."

உள்ளே யாரோ ஓங்கரித்து வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது.

"அத்த, நான் சொல்லிட்டேன்" என்றாள் ரேவதி.

"சொல்லிட்டியா! நல்லா இருடி, நல்லா இரு!" பச்சையம்மா எங்கள் பக்கம் திரும்பினார். "இப்ப இன்னா, புக்க புடுங்கிக்கினு போவத்தான வந்திருக்கீங்க? கேசு போடுவீங்களா? ஒண்ணு குடுத்தீங்க, ரெண்டு பேரும் பாத்துக்கினாங்க. திருடினமா நாங்க?"

"புக்க நீயே வெச்சுக்கம்மா" என்றார் டாக்டர். "எனக்கு மருமவளக் காட்டு."

பச்சையம்மா கத்தியைக் கீழே வைத்தார். பிறகு விலகினார்.

செல்வியின் முகமும் கால்களும் வீங்கியிருந்தன. நான் அழுத்தமானியைக் கட்டினேன். நூற்று எழுபது, கீழே நூற்றுப் பத்து. டாக்டர் தானும் ஒருமுறை பார்த்தார். வலிப்பைத் தடுக்கும் ஊசியை இரண்டு பக்க இடுப்பிலும் போட்டார். வலியில் செல்வி என் கையை நசுக்கினாள். அழுத்தம் குறைக்க மாத்திரை கொடுத்தோம். செல்வியின் கணவரும் அவர் தம்பியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் மூங்கில் கட்டி அவளை உட்காரவைத்துத் தூக்கினார்கள். ஓடையில் இறங்கும்போது ரேவதி கூடவே குடையோடு இறங்கினாள்.

"நீ எதுக்கு வர்ற? நீயும் புள்ளத்தாச்சிதான, ஒக்காரு" என்று டாக்டர் அதட்டினார்.

"நான் ஒக்காந்தா கொடைய யாருங்க புடிக்கறது?" என்று சொல்லிக்கொண்டே அவள் நடந்தாள். டாக்டர் அவள் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

ஜீப் ஓட்டுநர் அழைத்திருந்த நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வண்டி ரோட்டில் காத்திருந்தது. செல்வியை இடது பக்கமாகப் படுக்கவைத்தோம். பச்சையம்மா புத்தகத்தை மடியில் அணைத்தபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரேவதியை வீட்டுக்காரரோடு மேலேயே விட்டுவிட்டு வந்தோம். வண்டி கிளம்பியதும் டாக்டர் சொன்னார்: "சிஸ்டர், கீழ போய்ச் சேர்றதுக்குள்ள செல்விக்கு எத்தனாவது மாசம்னு சரியா வேணும். கொழந்தைய இப்பவே எடுக்கறதா, தாங்குமான்னு அத வெச்சுத்தான் முடிவு பண்ணுவாங்க. புக்குல ரெண்டு பேரு கணக்கும் கலந்து கெடக்கு."

செல்வி பேசும் நிலையில் இல்லை. நான் பச்சையம்மாவைக் கேட்டேன்.

"எந்த மாசம் யாரு வந்தாங்கன்னு நெனப்பு இருக்குதா?"

"எனக்கா நெனப்பு இருக்காது?" கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "ஆனியில புக்கு வாங்க செல்வி வந்துச்சு. ஆடியில ரேவதி. அன்னிக்கித்தான் ரத்தம் எடுத்தாங்க, வந்து ஒரு பாடு அழுதுச்சு. ஆவணியில செல்வி. களை எடுக்க ரேவதிதான் எங்கூட நின்னுச்சு. புரட்டாசில சாமை அறுப்பு, கட்டு கட்ட செல்விதான் கெட்டிக்காரி. அதான் ரேவதிய அனுப்புனேன்."

யார் வேலைக்கு நின்றார்கள் என்பதிலிருந்து யார் சோதனைக்கு வந்தார்கள் என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். ஒரு இடத்திலும் தடுமாறவில்லை. ரேவதியுடைய வரிகளை நான் ஒவ்வொன்றாக அடித்து, பக்கத்தில் பெயரை எழுதினேன்.

"அய்யய்யோ, கிறுக்காதீங்கம்மா, செல்லாமப் போயிடும்!"

"கிறுக்கினாத்தான் செல்லும், பேசாம இரு."

முதல் பக்கத்தில் ரத்தப் பிரிவு இருந்தது. ஆடியில் எடுத்தது, ஆகவே அதுவும் செல்வியுடையதல்ல. அதைச் சிவப்பு மையில் குறுக்கே அடித்து, 'மறுபடி சோதிக்கவும்' என்று பெரிதாக எழுதினேன். மருத்துவமனையில் எப்படியும் சோதிப்பார்கள். இருந்தாலும் அந்த எழுத்தை அப்படியே விட எனக்கு மனம் வரவில்லை.

"கடசியா செல்வி எப்பம்மா தூரமா ஒக்காந்துச்சு?"

"அது மாசியில. கெழங்கு லாரி வந்த அன்னிக்கி. கெழங்கு ஏத்த ஆள் இல்ல, இது தனியா போயி ஒக்காந்துக்கிச்சு. நான்கூட ஏசினேன், நாளு பாத்து ஒக்காந்திருக்கா பாருன்னு."

மாதவிலக்கில் தனியாக உட்காரும் வழக்கம் அந்த வீட்டில் இருந்ததால்தான் மாமியாருக்கு அது நினைவில் இருந்தது. அந்த வழக்கத்தைப் பற்றி எனக்கு வேறு கருத்துகள் உண்டு. அன்று அதற்கு நன்றி சொன்னேன்.

"லாரி வந்தது மாசி மகத்துக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"மகத்துக்கு எங்க வூட்டுக்காரு கடலுக்குப் போய்ட்டு வந்தாரு. வந்த மறுநாளே லாரி. மனுசன் கால் வலிக்குதுன்னு படுத்துக்கினாரு."

மாசி மகம் எந்தத் தேதியில் வந்தது என்பது எனக்கு மனப்பாடம். விரல் விட்டு எண்ணினேன். எட்டாம் மாதம் முடிந்துகொண்டிருந்தது. டாக்டரிடம் சொன்னேன். அவர் செல்வியின் வயிற்றை டேப்பால் அளந்து பார்த்தார். "கொழந்த கொஞ்சம் சின்னதுதான். ஆனா கணக்கு ஒத்து வருது" என்றார். குரல் ஓரளவு மேலே வந்திருந்தது. அப்போதுதான் நானும் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தேன்.

கள்ளக்குறிச்சிப் பெரிய ஆஸ்பத்திரியில் தயாராக இருந்தார்கள். அழுத்தத்தை இறக்கி அன்று மாலையே அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். பெண். சிறிய உடம்பு, ஆனால் பிறந்தவுடனே வீறிட்டு அழுதது என்று உள்ளேயிருந்த செவிலியர் வந்து சொன்னார். வலிப்பு வரவில்லை. குழந்தையைக் கதகதப்புப் பெட்டியில் வைத்தார்கள். பச்சையம்மா சுவரோரம் உட்கார்ந்து, அதுவரை கொண்டுவந்திருந்த வீம்பையெல்லாம் அழுது தீர்த்தார். டாக்டர் எங்கிருந்தோ மூன்று டீ வாங்கிவந்தார். அவர் கையால் டீ வாங்கிக் குடித்தது எனக்கு அது ஒரே முறை.

மறுநாள் ரேவதியைக் கீழே வரவழைத்து முழுச் சோதனையும் செய்தோம். அவள் நன்றாக இருந்தாள். ஆதார் பிறகு வரட்டும் என்று டாக்டர் சொல்லிவிட, அவள் பேரில் ஒரு புத்தகம் போட்டு, செல்வியின் புத்தகத்தில் நான் அடித்த வரிகளை அதில் உரிய மாதங்களில் எழுதிக் கொடுத்தேன். அந்த வாரமே டாக்டர் மலையில் இருந்த எல்லா நிலையங்களுக்கும் சொல்லி அனுப்பினார்: புத்தகத்தைக் கையில் வாங்கியதும் வந்திருப்பவளின் பேரை அவள் வாயால் கேட்க வேண்டும், வீட்டில் வேறு யாராவது கர்ப்பமா என்றும் கேட்க வேண்டும். தேடியதில் அதே ஏற்பாட்டில் இன்னொரு வீடும் கிடைத்தது. அங்கே அம்மாவும் மகளும். நல்லவேளையாக இருவரும் நலமாக இருந்தார்கள். நந்தினி, உன் போனில் முகத்தை வைத்து ஆளை அடையாளம் காணும் வசதி வந்தாலும் இந்த இரண்டு கேள்வியையும் விட்டுவிடாதே.

சில நாள் கழித்து நானும் டாக்டரும் வார்டுக்குப் போனோம். செல்வியின் வீக்கம் வடிந்து முகம் அவளுடையதாகியிருந்தது. கண் தெளிவாகத் தெரிகிறதா என்று கேட்டேன். "எதுத்த கட்டில்காரம்மா பலகாரத்த மறைச்சு வெச்சு சாப்புடுறதுகூடத் தெரியுதுங்க" என்றாள். குழந்தை அவள் பக்கத்துக்கு வந்துவிட்டது. நான் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, பின்பாதியைத் திறந்து, குழந்தையின் எடையையும் போட்ட தடுப்பூசியையும் எழுத ஆரம்பித்தேன். பச்சையம்மா கழுத்தை நீட்டி உற்றுப் பார்த்தார்.

"யாருக்குங்க எழுதுறீங்க?"

"ஒன் பேத்திக்கு."

"அதுக்குத் தனி புக்கு இல்லியா?"

"அதுக்குத் தனியா எதுக்கு? அம்மாவுக்கும் கொழந்தைக்கும் சேத்து இதான்."

பச்சையம்மா இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார். டாக்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வார்டையே ஒருமுறை சுற்றிப் பார்த்தார்.

"ஆங்! நீங்க ரெண்டு உசுர ஒரே புக்குல எழுதலாம். நான் எழுதச் சொன்னா மட்டும் மழையில ஓடை தாண்டி ஓடியாந்து ஏசுவீங்க!"

டாக்டர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எதிர்க்கட்டில் அம்மா சிரித்தாள். நான் எழுதிய எடை கோணலாகப் போனது. செல்வி வயிற்றை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, "அத்த, போதும் அத்த, சிரிக்க வெக்காதீங்க, தையல் வலிக்குது" என்று கெஞ்சினாள்.